வண்டி ஓடலையா? பேட்டரி ஹோல்டரைப் பாருங்கள்

மதுரைப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி வந்துவிட்டால், பிள்ளைகள் செய்து வரும் ரோபோ வண்டிகளில் பாதி ஓடும், பாதி முனகும். முனகும் வண்டிக்கு புரோகிராமில்தான் கோளாறு என்று லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் கை வைக்க வேண்டிய இடம், செல்கள் உட்காரும் பேட்டரி ஹோல்டர்.

சதுர 9 வோல்ட் பேட்டரியில் மோட்டாரை ஓட்டுவதுதான் பரவலான தவறு. வோல்ட் அதிகம் என்றால் வலுவும் அதிகம் என்று நினைக்கிறார்கள். அதற்குள் இருப்பவை ஆறு குட்டி செல்கள். மோட்டார் கேட்கும் கரண்டை அவற்றால் தர முடியாது. நான்கு ஏஏ செல் போடும் ஹோல்டர் எவ்வளவோ மேல். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவு செல் வேண்டாம், ஆல்கலைன் வாங்குங்கள். பழசும் புதுசும் கலக்காதீர்கள். தளர்ந்த செல் முதலில் தீர்ந்துபோகும். மற்றவை அதன் வழியாகவே கரண்டைத் தள்ளுவதால் அது கசிந்து ஹோல்டரையும் அரித்துவிடும்.

சரி, நல்ல செல் போட்டும் முனகுகிறதா? மோட்டார் நிற்கும்போது மல்டிமீட்டர் 6 வோல்ட் காட்டுவதை நம்பாதீர்கள். மோட்டாரை ஓடவிட்டு அளக்க வேண்டும். ஒவ்வொரு செல்லின் இரு முனைகளிலும் மல்டிமீட்டர் வயரின் முள்ளை நேராக வைத்து அளந்து கூட்டுங்கள். அப்புறம் ஹோல்டர் வயரின் நுனியில் அளந்து பாருங்கள். கூட்டுத்தொகை 5.6, வயர் நுனியில் 4.5 என்றால், 1.1 வோல்ட் ஹோல்டரிலேயே போகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ரிவெட் ஆடும், அல்லது வயர் நூல் மாதிரி மெலிந்திருக்கும். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, தொடும் இடத்தை ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்த் துரு ஏறும். வயரை மாற்றி சால்டர் (ஈயப் பற்று) வைக்கும்போதும் நிதானம் வேண்டும்: சூட்டுக்கோலை நீண்ட நேரம் அழுத்தினால் பிளாஸ்டிக் இளகி ஸ்பிரிங் சாய்ந்துவிடும்.

18650 என்ற லித்தியம் செல்லில் (ஏஏ-யைவிடப் பெரிய, சார்ஜ் ஏற்றும் உருளை செல்) விளையாடவே கூடாது. பல ஹோல்டர்களில் அது எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் பொதுவாக மைனஸ்; அதோடு உள்ளே அச்சிட்ட குறியையும் பாருங்கள். இரண்டு செல்லையும் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைக்கும் ஹோல்டரில் ஒன்றைத் திருப்பிப் போட்டால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் இரண்டும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி, தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும். நேராகப் போட்டாலும், ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட், மற்றது தீர்ந்துபோன செல் என்று இருக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனியே முழுக்க சார்ஜ் செய்த பிறகே போடுங்கள்.

கண்காட்சிக்குக் கொண்டுபோகும்போது செல்லைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாக பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சாவி, சில்லறையோடு பையில் போட்டால் ஷார்ட் ஆகும். சித்திரை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள்.