ஒரு காது மட்டும் கேட்கிறதா? ஹெட்ஃபோன் ஜாக்கை நீங்களே மாற்றலாம்

ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் செத்துப்போனால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒயரை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்ப்போம். ஏதோ ஒரு கோணத்தில் பாட்டு வந்துவிடும். அந்தக் கோணத்தைக் கலைக்காமல், கழுத்தைக்கூடத் திருப்பாமல் இரண்டு வாரம் ஓட்டுவோம். அப்புறம் அந்தக் கோணமும் கைவிட்டதும் புதிது வாங்கிவிடுவோம்.

காதருகே இருக்கும் ஸ்பீக்கர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். ஜாக்கை, அதாவது போனில் செருகும் முனையை, ஒட்டிய இரண்டு அங்குல ஒயர்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும். பாக்கெட்டில் போனோடு சேர்ந்து தினமும் மடங்கி மடங்கி, தலைமுடி போன்ற மெல்லிய செப்பு இழைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வரும். அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, புது ஜாக் ஒன்றைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. சால்டரிங் அயர்னை இதுவரை கையில் எடுக்காதவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இது 3.5 மி.மீ. ஜாக் உள்ள ஹெட்ஃபோன், இயர்ஃபோன் இரண்டுக்கும் பொருந்தும். ப்ளூடூத் இயர்பட்ஸுக்கு வேண்டாம். அதற்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. சூடான அயர்ன் அதில் பட்டால் தீப்பிடிக்கலாம். டைப்-சி முனை உள்ளதையும் விட்டுவிடுங்கள். பல மாடல்களில் அந்த முனைக்குள்ளேயே ஒரு சிப் உட்கார்ந்திருக்கும்.

தேவையானவை

25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய சால்டர் கம்பி (பற்றவைக்க உருக்கும் உலோகக் கம்பி), கொஞ்சம் சால்டரிங் பேஸ்ட், மின்தடையை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர், கட்டர், லைட்டர், உப்புத்தாள், ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்), ஒரு புது ஜாக். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு போதும். மூடியைத் திருகிக் கழற்றக்கூடிய உலோக ஜாக்காகப் பார்த்து வாங்குங்கள். முதல் முறை வேலை செய்பவர்கள் இரண்டாக வாங்கினால் நல்லது. காரணம் கீழே வரும்.

முதலில் ஜாக்கைப் படியுங்கள்

பழைய ஜாக்கை எடுத்து, அதில் எத்தனை கறுப்புக் கோடுகள் என்று எண்ணுங்கள். இரண்டு கோடு என்றால் உலோகம் மூன்று துண்டு: நுனி, நடுவில் வளையம், அடிப்பகுதி. நுனி இடது காதுக்கு, வளையம் வலது காதுக்கு. அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. மூன்று கோடு இருந்தால் உலோகம் நான்கு துண்டு. அதில் பெரும்பாலும் இரண்டாவது வளையம் கிரவுண்டு, அடிப்பகுதி மைக்குக்கு.

இந்த வடிவம் பாட்டு கேட்பதற்காகப் பிறந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் ஆபரேட்டர்கள் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிய கால் அங்குல பிளக்தான் இதற்குப் பாட்டன். இன்றும் ஸ்டூடியோக்களிலும் கிட்டார் ஆம்ப்களிலும் அதே 6.35 மி.மீ. தடிமனில் புழங்குகிறது. ஹெட்ஃபோனும் முதலில் தகவல் தொடர்புக்காரர்களின் கருவிதான். அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்ஃபோனை 1910இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. அது ரேடியோ ஆபரேட்டர்களுக்காக. பாட்டு கேட்பதற்கென்று ஸ்டீரியோ ஹெட்ஃபோனை 1958இல் மில்வாக்கியில் ஜான் காஸ் கொண்டுவந்தார். இரண்டு காதுக்கும் வெவ்வேறு ஒலி என்று ஆன பிறகு பிளக்கில் நுனியும் அடியும் மட்டும் போதாது, நடுவில் ஒரு வளையமும் தேவை. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது இதே மூன்று துண்டு அமைப்பின் 3.5 மி.மீ. குட்டி வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. நாம் இப்போது வெட்டப்போவது அதைத்தான்.

படி 1: கோளாறு ஹெட்ஃபோனிலா, போனிலா?

இதைச் செய்யாமல் கட்டரை எடுக்காதீர்கள். அதே ஹெட்ஃபோனை வேறு போனில் செருகுங்கள், வேறு ஹெட்ஃபோனை உங்கள் போனில் செருகுங்கள். இரண்டாவதும் ஒரு பக்கம் பேசாவிட்டால் போனைத்தான் பார்க்க வேண்டும். ஜாக் துளைக்குள் பாக்கெட்டுப் பஞ்சு அடைத்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். செட்டிங்ஸில் இடது, வலது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை ஒன்று இருக்கும். அது தெரியாமல் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2: அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது

செய்தி வாசிப்பு மாதிரி இரண்டு காதிலும் ஒன்றுபோலக் கேட்கும் ஒன்றை ஓடவிடுங்கள். ஜாக் அருகே ஒயரை மெல்ல வளையுங்கள். அடுத்து ஒயர் இரண்டாகப் பிரியும் இடம், கடைசியாகக் காதுக் கிண்ணத்துக்குள் நுழையும் இடம். எங்கே வளைக்கும்போது ஒலி கரகரத்து வந்து வந்து போகிறதோ, அறுந்தது அங்கேதான்.

சில சமயம் இரண்டு காதிலும் சத்தம் வரும், ஆனால் விசித்திரமாக இருக்கும். பாட்டில் இசை எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். பாடகர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். முதல் தடவை இப்படிக் கேட்டபோது பாட்டுக் கோப்பில்தான் கோளாறு என்று நினைத்து, அதை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். உண்மையில் அறுந்திருந்தது கிரவுண்டு ஒயர். பொது ஒயர் போய்விட்டால் இரண்டு ஸ்பீக்கரும் தொடராகச் சேர்ந்துவிடுகின்றன. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒலியாக வருகிறது. பாட்டுகளில் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைப்பார்கள். சமமானது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். இந்த அறிகுறி தெரிந்தால், அறுந்தது கிரவுண்டு என்று மீட்டரைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மைக் உள்ள ஹெட்செட்டில் மைக் பட்டனை அழுத்திப் பிடித்தவுடன் குரல் திரும்பி வந்தால் ஒயர் நன்றாகவே இருக்கிறது. உங்கள் ஹெட்செட்டும் போனும் வேறு வேறு முறையைச் சேர்ந்தவை. மைக்குக்கும் கிரவுண்டுக்கும் பழைய போன்கள் சிலவற்றில் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஹெட்செட்டை வெட்ட வேண்டாம்.

படி 3: மீட்டரால் உறுதி செய்வது

மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். ஹெட்ஃபோனை எதிலும் செருகாமல், ஒரு முனையை ஜாக்கின் அடிப்பகுதியிலும் (நான்கு துண்டு ஜாக் என்றால் இரண்டாவது வளையத்திலும்) மறு முனையை நுனியிலும் வையுங்கள். அப்புறம் வளையத்தில். சாதாரண ஹெட்ஃபோன்களில் 16, 32 ஓம் சுற்றி ஏதாவது காட்டும். ஸ்டூடியோ வகைகளில் 600 ஓம் வரைகூடப் போகும், அதற்கு மீட்டரின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஒரு பக்கம் வெறும் 1 என்றோ ஓ.எல். என்றோ நின்றுவிட்டால் அந்த வழி அறுந்திருக்கிறது.

ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிக்கொண்டே இதைச் செய்து பாருங்கள். மீட்டர் முனை படும் ஒவ்வொரு முறையும் காதில் "டக்" என்று கேட்கும். மீட்டர் அளப்பதற்காக அனுப்பும் சிறு மின்சாரம், காந்தத்துக்குள் இருக்கும் குட்டிக் கம்பிச்சுருளை ஒரு தள்ளு தள்ளுகிறது. அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வும் அசைகிறது. டைனமிக் என்று அட்டையில் போட்டிருக்கும் எல்லா ஹெட்ஃபோனிலும் நடப்பது இதுதான். 1937இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனம் கொண்டுவந்த டிடி 48 ஹெட்ஃபோன் முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை. அந்த "டக்" கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. படி 6இலும் இந்தத் தந்திரம் உதவும்.

படி 4: வெட்டுவது

ஜாக்கிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி வெட்டுங்கள். வெட்டியவுடன், வேறு எதையும் செய்வதற்கு முன்னால், ஹீட் ஷ்ரிங்க் ட்யூபையும் அதை அடுத்துப் புது ஜாக்கின் மூடியையும் ஒயரில் கோர்த்துவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லா ஒயரையும் அழகாகப் பற்றவைத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது மூடி மேசை மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பற்றவைத்ததை எல்லாம் உருக்கி எடுத்து மறுபடி முதலிலிருந்து.

படி 5: எனாமலைப் போக்குவது

புதியவர்கள் தோற்றுப்போகும் இடம் இது. மேல் ரப்பரை இரண்டு செ.மீ. அளவுக்கு, உள் ஒயர் வெட்டுப்படாமல் உரியுங்கள். உள்ளே பளபளக்கும் சிவப்பு, பச்சை, செம்பு நிற இழைகள் இருக்கும். நடுவே நூலும் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். ஒயர் இழுபட்டால் தாங்குவதற்காக அந்த நூல்.

அந்தச் சிவப்பும் பச்சையும் செம்பின் மேல் பூசிய எனாமல். பிளாஸ்டிக் உறை மாதிரி உரிக்க முடியாது. எனாமல் இருக்கும்வரை சால்டர் ஒட்டாது, மீட்டரும் எதையும் காட்டாது. "ஒயர் முழுக்கக் கெட்டுவிட்டது" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

நூலை ஒதுக்கி வெட்டிவிட்டு, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக முறுக்குங்கள். நுனியில் கொஞ்சம் பேஸ்ட் தடவுங்கள். அயர்ன் நன்றாகச் சூடான பிறகு, அதன் நுனியில் ஒரு சொட்டு சால்டரை உருக்கி, இழையை அந்தச் சொட்டுக்குள் மூழ்கவிடுங்கள். இரண்டு மூன்று விநாடியில் எனாமல் எரிந்து, இழை வெள்ளியாக மாறும். மாறாவிட்டால் லைட்டர் சுடரில் ஒரு விநாடி காட்டி, உப்புத்தாளால் லேசாக இழுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். சுடரில் அதிகம் காட்டினால் செம்பே பொடிப்பொடியாகிவிடும். புகையை முகத்தில் வாங்காதீர்கள், ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

படி 6: எது எந்த ஒயர்?

வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்டு. சில ஹெட்ஃபோன்களில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி கிரவுண்டு வரும்; இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடலாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மலிவான செட்டுகளில் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள்.

மறுபடி மீட்டர். எந்த இரண்டு ஒயருக்கு நடுவே 32 ஓம் மாதிரி வருகிறதோ, அவற்றில் ஒன்று கிரவுண்டு. எந்த இரண்டுக்கு நடுவே அதன் இரு மடங்கு வருகிறதோ, அவை இடதும் வலதும், மிச்சமிருப்பது கிரவுண்டு. எது இடது என்று தெரிய, தலையில் மாட்டிக்கொண்டு "டக்" எந்தக் காதில் கேட்கிறது என்று பாருங்கள். இந்த அளவுகள் சரியாக வந்துவிட்டால், கோளாறு வெட்டி எறிந்த துண்டிலேயே போய்விட்டது என்பதும் உறுதி.

மைக் ஒயர் இருந்து, மைக் உங்களுக்குத் தேவையில்லை என்றால், மூன்று துண்டு ஜாக்கே போதும். மைக் ஒயரை எங்கும் படாமல் டேப் சுற்றி விட்டுவிடுங்கள். முதல் முயற்சிக்கு இதுதான் சுலபம்.

படி 7: பற்றவைப்பது

புது ஜாக்கின் பின்புறம் மூன்று தகடுகள் இருக்கும். நீளமானது பெரும்பாலும் கிரவுண்டு. மற்ற இரண்டில் எது நுனிக்கு, எது வளையத்துக்கு என்பதை மீட்டரைப் பீப் நிலையில் வைத்துக் கண்டுபிடியுங்கள்; அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே இணைப்பு இருந்தால் பீப் கேட்கும். பழைய ரேடியோ ஏதாவது இருந்தால் ஜாக்கை அதன் துளையில் செருகிக்கொள்ளுங்கள். அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஒவ்வொரு தகட்டிலும் தனியாக ஒரு சிறு சொட்டு சால்டர். பிறகு வெள்ளியாக்கிய ஒயரை அதன் மேல் வைத்து, அயர்னால் ஒரு தொடு. இரண்டும் உருகிச் சேர்ந்ததும் அயர்னை எடுத்துவிட்டு, ஊதாமல் ஆடாமல் பிடித்திருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் அயர்னை வைத்திருந்தால் உள்ளே துண்டுகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் இளகி, நுனியும் வளையமும் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ஜாக் வாங்கச் சொன்னது இதற்குத்தான். வலது, இடது முதலில். அதிகச் சூடு கேட்கும் கிரவுண்டுத் தகடு கடைசியில்.

படி 8: மூடும் முன்

படி 3இல் எடுத்த அளவுகளை மறுபடி எடுங்கள். மீட்டர் 0-க்குப் பக்கமாகக் காட்டினால் எங்கோ ஒரு இழை அடுத்த தகட்டைத் தொடுகிறது. சரியாக வந்தால் போனில் செருகிக் கேளுங்கள். அப்புறம் கிரவுண்டுத் தகட்டின் வாலில் இருக்கும் இரண்டு காதுகளையும் ஒயரின் மேல் ரப்பரோடு சேர்த்து மடக்கி நசுக்குங்கள். இழுபடும்போது பாரம் ரப்பரில் விழ வேண்டும், பற்றவைத்த இடத்தில் விழக்கூடாது. மூடியைத் திருகி, ட்யூபை அதன் வாய்வரை நகர்த்தி லைட்டரால் சுருக்குங்கள்.

கோளாறு காதுப் பக்கம் இருந்தால்

இயர்ஃபோன் என்றால் விட்டுவிடுங்கள். ஒட்டியிருக்கும் அந்தக் குட்டிக் கூட்டை உடைக்காமல் திறக்க எனக்கே பாதி நேரம் முடிவதில்லை. பெரிய ஹெட்ஃபோன் என்றால் காதில் படும் மெத்தையைக் கழற்றினால் பெரும்பாலும் திருகுகள் தெரியும். ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு புள்ளிகளில் ஒயர் ஒட்டியிருக்கும். எந்த ஒயர் எந்தப் புள்ளியில் என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் இரண்டு சவ்வுகளும் எதிரெதிராக அசையும். பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போய், பாட்டு தலைக்குள் எங்கோ சிதறிக் கேட்கும்.

உள்ளே சிறு துளைகள் மேல் காகிதமோ துணியோ ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அழுக்கு என்று பிய்த்துவிடாதீர்கள், டேப் போட்டு அடைக்கவும் வேண்டாம். சவ்வின் பின்னால் காற்று எவ்வளவு எளிதாகப் போய்வருகிறது என்பதை வைத்துத்தான் பேஸ் அமையும். 1968இல் சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 414 ஹெட்ஃபோன் பின்பக்கத்தைத் திறந்தே விட்டு, மஞ்சள் ஸ்பாஞ்சோடு வந்தது. திறந்த வகை ஹெட்ஃபோன்களின் குடும்பம் அதிலிருந்து தொடங்குகிறது. மூடிய வகையில் அந்தக் காற்றை அளந்து விடுவது இந்தக் காகிதத் துண்டு. தெரியாமல் பிய்த்துவிட்டீர்கள் என்றால் மறுபக்கத்துக் கிண்ணத்தைத் திறந்து, அதில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்த்து அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள்.