இலவசமாகத் தொடங்கி பில்லில் முடியும் அமெரிக்க வரி ரிட்டர்ன்: எங்கே தவறுகிறோம்?

பிப்ரவரி பிறந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: "டாக்ஸ் ஃப்ரீயா ஃபைல் பண்ண எது நல்லது?" ஆளுக்கொரு சாஃப்ட்வேர் பெயரைச் சொல்வார்கள். "உங்க கையில என்னென்ன ஃபார்ம் இருக்கு?" என்று திருப்பிக் கேட்பவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். இலவசமா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்த ஃபார்ம்கள்தான்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. இங்கே வந்த இரண்டாவது வருடம், ஏப்ரல் 14 இரவு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் உள்ளிட்டு முடித்தேன். வேலை தரும் நிறுவனம் கொடுக்கும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தின் 12ஆம் பெட்டியில் 'டபிள்யூ' என்று ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு சிறு தொகை. என் நிறுவனத்தின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு, அதாவது ஹெச்.எஸ்.ஏ., அப்படித்தான் அதில் பதிவாகும். அதைப் போட்டதும் திரை மாறியது: மேலே போக வேண்டுமென்றால் பணம் கட்டும் பதிப்புக்கு மாறுங்கள். மறுநாள் கடைசி நாள். வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை. மாநில ரிட்டர்னுக்கும் சேர்த்து நூறு டாலருக்கு மேல் கட்டினேன். அந்த ஒரு பெட்டியை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

இரண்டு இலவசங்களைக் குழப்பிக்கொள்வது

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான். ஒன்று, வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். நடத்தும் 'ஃப்ரீ ஃபைல்' திட்டம். 2002இல் தனியார் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2003இல் தொடங்கியது. மற்றொன்று, ஒவ்வொரு நிறுவனமும் தன் கடையில் 'ஃப்ரீ' என்று பெயர் வைத்து விற்கும் பதிப்பு. முதலாவதற்கு வருமான வரம்பு உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் வருமான வரம்பு கிடையாது, ஃபார்ம் வரம்பு உண்டு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் ஒன்றை நினைத்து மற்றொன்றுக்குள் போய்விடுகிறார்கள்.

இந்தக் குழப்பம் தானாக வந்ததல்ல. டர்போடாக்ஸ் என்ற வரி சாஃப்ட்வேர், ஐ.ஆர்.எஸ். திட்டத்துக்கான தன் பக்கம் கூகுள் தேடலில் வராதபடி செய்து வைத்திருந்ததை 2019இல் புரோபப்ளிகா செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அதன் தாய் நிறுவனமான இன்ட்யூட் 2022இல் 50 மாநிலங்களுடனும் வாஷிங்டன் டி.சி.யுடனும் செய்துகொண்ட சமரசத்தில் 14.1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சுமார் 44 லட்சம் பேருக்குப் பணம் திரும்பப் போனது. இலவசமாக ஃபைல் செய்திருக்க வேண்டியவர்களிடம் வாங்கிய காசு அது. அதனால் இதில் ஏமாந்தவர்கள் யாரும் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்போதைய நிலை என்ன? இன்னொரு வரி சாஃப்ட்வேர் நிறுவனமான ஹெச் அண்ட் ஆர் பிளாக் 2020இலும் இன்ட்யூட் 2021இலும் ஃப்ரீ ஃபைல் திட்டத்திலிருந்து விலகிவிட்டன. டி.வி.யில் அதிகம் கேட்கும் இந்த இரண்டு பெயர்களில் கிடைக்கும் இலவசம் அந்தந்த நிறுவனத்தின் சொந்த விதிப்படிதான். ஐ.ஆர்.எஸ். தானே நடத்திய 'டைரக்ட் ஃபைல்' 2024இல் 12 மாநிலங்களிலும் 2025இல் 25 மாநிலங்களிலும் இருந்தது. 2026 சீசனுக்கு அது கிடையாது. 2025இல் அதில் ஃபைல் செய்தவர்கள் அதே இணைப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஃப்ரீ ஃபைல் வேண்டுமென்றால் ஐ.ஆர்.எஸ். தளத்துக்குப் போய், அங்கே இருக்கும் பட்டியலில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த இணைப்பு வழியாகவே உள்ளே போங்கள். அதே நிறுவனத்தின் பெயரை கூகுளில் தட்டிப் போனால் வணிகப் பதிப்பில்தான் இறங்குவீர்கள். பாதியில் வெளியே வந்துவிட்டு மறுநாள் தேடல் வழியாகத் திரும்பிப் போவதும் இதே வினையைத்தான் கொண்டுவரும். முதல் நாளே இணைப்பைச் சேமித்து வையுங்கள்.

சம்பளத்தைப் பார்த்து ஒதுங்கிவிடுவது

2024 வருமானத்துக்கு ஃப்ரீ ஃபைல் வரம்பு 84,000 டாலர். 2025 வருமானத்துக்கு 89,000. இது ஆஃபர் லெட்டரில் இருக்கும் சம்பளம் அல்ல. ஏ.ஜி.ஐ. எனப்படும் சரிசெய்யப்பட்ட மொத்த வருமானம், அதாவது சில கழிவுகள் போக மிஞ்சுவது. 96,000 டாலர் சம்பளக்காரர் சாதா 401(கே) ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் 10,000 போட்டிருந்தால் அவருடைய டபிள்யூ-2 முதல் பெட்டியில் 86,000 அல்லது அதற்கும் குறைவாகத்தான் இருக்கும். வேறு வருமானம் இல்லாவிட்டால் அவருக்குத் தகுதி உண்டு. ஆனால் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று பார்க்காமலே விட்டுவிடுவார்.

தம்பதிக்கு நேர்மாறான சிக்கல். தனியாக ஃபைல் செய்தாலும் சேர்ந்து செய்தாலும் வரம்பு ஒன்றுதான், இரட்டிப்பாகாது. கணவருக்கு 60,000, மனைவிக்கு 45,000 என்றால் சேர்ந்து செய்யும் ரிட்டர்னுக்கு வாசல் மூடிவிடும். அப்புறம், அந்த வரம்பு ஒட்டுமொத்தத் திட்டத்துக்கானது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் வயது, மாநிலம், வருமானம் என்று தன் பங்குக்கு வேறு நிபந்தனைகள் வைத்திருக்கும். ஒன்றில் தகுதி இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள்.

வரம்பைத் தாண்டியவர்களுக்கு 'ஃபில்லபிள் ஃபார்ம்ஸ்' என்று, படிவங்களை நாமே நிரப்பும் வசதி ஒன்று இருக்கிறது. வருமான வரம்பே கிடையாது. ஆனால் அடிப்படைக் கணக்கைத் தவிர எதையும் சொல்லித் தராது, மாநில ரிட்டர்னும் அதில் முடியாது. படிவத்தை ஏற்கெனவே புரிந்தவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கு

நம்மவர்கள் அதிகம் இடறும் இடம் இது, கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டர்போடாக்ஸின் இலவசப் பதிப்பு எளிமையான 1040 (வழக்கமான வருமான வரிப் படிவம்) ரிட்டர்னுக்கு மட்டும்தான். வரி செலுத்துவோரில் சுமார் 37 சதவீதம் பேருக்குத்தான் அது பொருந்தும் என்று அந்த நிறுவனமே விளம்பரத்தில் போடுகிறது. வட்டி வருமானம் இருக்கலாம், ஆனால் 'ஷெட்யூல் பி' என்ற இணைப்புப் படிவம் தேவைப்படாத அளவுக்குத்தான். வட்டி 1,500 டாலரைத் தாண்டினால் ஷெட்யூல் பி வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். வெளிநாட்டில் நிதிக் கணக்கு இருந்தாலே, வட்டி பத்து டாலராக இருந்தாலும், அந்தப் படிவத்தின் மூன்றாம் பகுதியை நிரப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சேமிப்புக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், அம்மாவின் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை இருந்தாலும்கூட, அந்தக் கேள்வி உங்களுக்குப் பொருந்தும்.

அந்த இடத்தில் 'ஆம்' என்று அழுத்தினால் அப்கிரேடு கேட்கும். அதைத் தவிர்க்க 'இல்லை' என்று அழுத்திவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கையெழுத்திட்டுத் தரும் ரிட்டர்னில் அது பொய்த் தகவல். சில டாலர்களை மிச்சம் பிடிக்கப் போய் குடியேற்ற வழக்கு வரை இழுக்கக்கூடிய சிக்கலை வரவழைக்காதீர்கள். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கும் இல்லை என்று நினைப்பதும் தவறு. வரிக்கணக்கில் அமெரிக்க ரெசிடென்ட்டாக, அதாவது இங்கே குடியிருப்பவராக, கருதப்படுபவர் அதையும் இங்கே காட்டியாக வேண்டும்.

இதற்காகப் பெரிய கட்டணம் கட்டத் தேவையும் இல்லை. ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ போன்ற சாஃப்ட்வேர்களில் ஷெட்யூல் பி, பங்கு விற்பனை, ஹெச்.எஸ்.ஏ. எல்லாம் மத்திய ரிட்டர்னில் இலவசம். மாநிலத்துக்குச் சுமார் 15 டாலர்தான். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்.பி.ஏ.ஆர். என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அது வரி சாஃப்ட்வேரோடு சம்பந்தப்பட்டதே அல்ல, அமெரிக்க நிதித்துறையின் ஃபின்சென் பிரிவின் தளத்தில் இலவசமாகச் செய்யலாம். இந்திய மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அதற்கான 8621 படிவத்தை எல்லா சாஃப்ட்வேரும் தாங்குவதில்லை. அங்கே விவரம் தெரிந்தவரிடம் காசு கொடுத்துச் செய்வதே சரி.

மாணவர்கள் 1040 போட்டுவிடுவது

எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக்கணக்கில் நான்-ரெசிடென்ட். அவர்களுக்கு 1040-என்ஆர் படிவம். டர்போடாக்ஸ், கேஷ் ஆப் டாக்ஸஸ் போன்ற சாஃப்ட்வேர்களில் அது கிடையாது. ரூம்மேட் சொன்னாரென்று இலவசமாக 1040 போட்டு, உரிமை இல்லாத கல்விச் சலுகையையும் வாங்கிவிட்டால், பின்னால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்தி, பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டி வரும். உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பல இடங்களில் நான்-ரெசிடென்ட்களுக்கான ஸ்பிரின்டாக்ஸ் சாஃப்ட்வேரை இலவசமாகப் பயன்படுத்த ஒரு குறியீட்டு எண் தருகிறார்கள். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி, தனித்தனிச் செலவுகளுக்குப் பதிலாக ஒரே நிலையான தொகையைக் கழிக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கிடைக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

தேவையில்லாமல் டீலக்ஸுக்கு ஏறுவது

வீட்டுக்கடன் வட்டி என்று உள்ளிட்டதும் காசு கட்டும் டீலக்ஸ் பதிப்புக்கு அழைப்பு வரும். முதலில் ஒரு கூட்டல் போடுங்கள். 2025க்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் தனிநபருக்கு 15,750, சேர்ந்து செய்யும் தம்பதிக்கு 31,500. உங்கள் வட்டி, சொத்து வரி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்த்து 22,000தான் வருகிறது என்றால், தம்பதிக்கு அந்தப் பதிப்பால் மத்திய ரிட்டர்னில் ஒரு டாலர்கூடக் குறையாது.

மாநில ரிட்டர்னும் இப்படித்தான், வாங்கும் முன் பார்க்க வேண்டும். டெக்சஸ், வாஷிங்டன், ஃப்ளோரிடாவில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. கலிஃபோர்னியா, பென்சில்வேனியா, இல்லினாய் போன்றவை சொந்தத் தளத்திலேயே இலவசமாக ஃபைல் செய்ய விடுகின்றன. நியூஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு மாநில ரிட்டர்ன் வேண்டும். மாநிலமும் இலவசம் என்று சொல்லும் கேஷ் ஆப் டாக்ஸஸ் அதைச் செய்யாது.

கட்டணத்தை ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னால் அதற்கே சுமார் 40 டாலர் தனிக் கட்டணம். கார்டில் கட்டினால் அது கிடையாது.

தெரியாமல் மேல் பதிப்புக்குப் போய்விட்டால் கீழே இறங்குவதும் லேசாக இருக்கவில்லை. ஹெச் அண்ட் ஆர் பிளாக்கில் இறங்க வேண்டுமானால் வாடிக்கையாளர் சேவையை அழைக்க வேண்டும், உள்ளிட்டதெல்லாம் அழிந்துபோகும் என்று மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் வழக்குப் போட்டது. 70 லட்சம் டாலர் கட்டவும் இந்த முறையை மாற்றவும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. எதற்கும், அப்கிரேடு பொத்தானை அழுத்துமுன் அதுவரை போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேறு இடத்துக்கு மாறினாலும் பாதி வேலை மிச்சமாகும்.

என்னைப் போல ஏப்ரல் 14 இரவு மாட்டிக்கொண்டால் அவசரத்தில் கார்டை எடுக்காதீர்கள். 4868 என்ற அவகாசப் படிவத்தை ஃப்ரீ ஃபைல் வழியாக யார் வேண்டுமானாலும், எவ்வளவு வருமானமாக இருந்தாலும், இலவசமாகப் போடலாம். பாக்கி வரி இருக்கும் என்று தோன்றினால் அதை மட்டும் ஏப்ரல் 15க்குள் ஐ.ஆர்.எஸ். தளத்தில் கட்டிவிடுங்கள். ரிட்டர்னுக்கு அக்டோபர் 15 வரை நேரம் இருக்கிறது.