ஆய்வுக் கட்டுரை தேடுகிறீர்களா? குறியீட்டைப் பிடியுங்கள்

வரி, மானியம், தேர்தல் அரசியல் என்று ஆய்வு செய்பவர்கள் கூகுளில் சொற்களை மாற்றி மாற்றித் தட்டி அலுத்துப்போவார்கள். அதற்குப் பதில் ஜே.இ.எல். (JEL) குறியீட்டை வைத்துத் தேடுங்கள். பொருளாதாரக் கட்டுரைகளைத் துறை வாரியாகப் பிரிக்கும், எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு இது. பெரும்பாலான பொருளாதாரக் கட்டுரைகளில் சுருக்கவுரைக்குக் கீழேயே அது இருக்கும். வரி, அரசுச் செலவு போன்றவற்றைப் பேசும் பொதுத்துறைப் பொருளாதாரம் முழுக்க எச் (H) வரிசை. வரி ஏய்ப்பு என்றால் எச்26. அரசியல் பொருளாதாரம்தான் கொஞ்சம் ஏமாற்றும். தேர்தல், வாக்களிப்பு, லாபியிங் எல்லாம் நுண்ணியல் பொருளாதாரத்துக்கான டி (D) வரிசையில், டி72-இல் உட்கார்ந்திருக்கின்றன!

பொருளாதாரக் கட்டுரைகளைப் பட்டியலிடும், 1997 முதல் இயங்கும் ரெபெக் (RePEc) திட்டத்தின் ஐடியாஸ் (IDEAS) தளத்தில் குறியீடு வாரியாகவே கட்டுரைகளைப் பார்க்கலாம், இலவசம். இதழ் காசு கேட்டால், அதே பக்கத்தில் 'ஒர்க்கிங் பேப்பர்' (இதழில் வெளிவருவதற்கு முந்தைய வரைவு) வடிவத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்கும். ஆனால் வரைவில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். மதிப்பாய்வு முடிந்து அச்சேறும்போது முக்கிய மதிப்பீடே மாறியிருக்கலாம். எந்த ஆண்டு வரைவு என்பதையாவது குறிப்பிடுங்கள்.

அமெரிக்கப் பொருளாதாரச் சங்க இதழ்களில் வந்த கட்டுரை என்றால் இன்னும் வசதி. கணக்கிட்ட நிரலையும், பகிர அனுமதியுள்ள தரவையும் ஓபன் ஐசிபிஎஸ்ஆர் (openICPSR) என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் இறக்கிக்கொள்ளலாம்.