திரில்லரில் போலீஸ் எப்போது, எப்படி வர வேண்டும்?

கடைசி ஷாட்டில் மட்டும் போலீஸ் சைரனோடு வந்தால் எனக்குக் கோபம் வரும். தாமதமாக வரட்டும், ஆனால் காரணத்தோடு வரட்டும். முதலில் அவசர அழைப்பை எழுதுங்கள். எதிர்முனையில் சீக்கிரமே வரும் கேள்வி, "எங்கே இருக்கீங்க?" நாயகிக்கு அது தெரியாது. செல்போன் டவர் காட்டுவதோ ஒரு புள்ளியை அல்ல, ஒரு பரப்பை. ஆளில்லாத வெளியில் அது பல கிலோமீட்டர் விரியும். தேடத் தேடப் பதற்றம் தானாக ஏறும். அழைப்பை ஒரு நிமிடம் இழுத்தால்தான் இடம் தெரியும் என்ற பழைய காட்சியைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம், முதலில் வருவது பெரும்பாலும் ரோந்து வண்டிதான், அதிரடிப் படை அல்ல. பிணைக்கைதி இருந்தால் சுற்றி வளைத்து, பேச்சுக் கொடுத்து நேரம் வாங்குவார்கள். கதவை உடைப்பது கடைசி வழி. தடயவியல் அறிக்கைக்குக் காத்திருக்கும் வாரங்களை மட்டும் ஒரே வெட்டில் தாண்டுங்கள், தப்பில்லை.