பிட்டுத் துணியில் தமிழ்நாடு: வரைபடத் தலையணை உறை தைப்பது எப்படி?

ரவிக்கை தைத்து மிஞ்சிய பிட்டு, கிழிந்த சுங்குடிச் சேலையில் கிழியாத மூலை, அப்பாவின் பழைய கைலி, ஓரம் நைந்த வேட்டியின் கரை என்று ஒரு மஞ்சப்பை நிறையத் துணி பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அதை வைத்துத் தமிழ்நாட்டு வரைபடம் போட்ட ஒரு குஷன் உறையைத் தைப்போம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்து, சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்த பழக்கம் இருந்தால் போதும். கடைசியில் நான்கு பக்கமும் அடிக்க மட்டும் மெஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதையும் கையாலேயே தைக்கலாம்.

இந்த உறையில் நான் விடாப்பிடியாக இருப்பது ஒரு விஷயத்தில்தான். எந்த ஊர்ப் பக்கம் நெய்த துணியோ, படத்தில் அந்த ஊர்ப் பக்கமே அது போய் உட்கார வேண்டும். வெறும் நிறப் பொருத்தம் பார்த்து வைத்தாலும் உறை அழகாகத்தான் வரும். ஆனால் மதுரை இருக்கும் இடத்தில் சுங்குடியின் புள்ளிகளும் காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிக் கட்டமும் தெரியும்போது, அது பார்க்கிறவரை விரலை வைத்துத் தேட வைக்கிறது.

முப்பத்தெட்டும் வேண்டாம், பன்னிரண்டு போதும்

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். அத்தனையையும் தனித்தனித் துண்டாக வெட்ட ஆசை வரும். வேண்டாம். வடக்குத் தெற்காக மாநிலம் சுமார் 600 கிலோமீட்டர். நாம் போடப்போகும் படத்தின் உயரம் 13 இன்ச். அப்படியென்றால் ஒரு இன்ச்சுக்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர். சென்னை மாவட்டத்தின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்தான்; படத்தில் அது அரை இன்ச் சதுரம்கூட வராது. சுற்றிலும் கால் இன்ச் மடித்துத் தைக்க வேண்டிய வேலையில் அவ்வளவு சின்னத் துண்டைக் கையாள்வது பழகியவர்களுக்கே சிரமம்.

அதனால் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களைச் சேர்த்துப் பன்னிரண்டு பகுதியாக்கிக்கொள்வோம். தெற்கிலிருந்து எண் கொடுத்திருக்கிறேன். இந்த வரிசையில்தான் தைக்கவும் போகிறோம், எனவே எண்ணை மாற்றாதீர்கள்.

1. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி: வீரவநல்லூர் செடிபுட்டா அல்லது வடசேரிக் கைத்தறி
2. விருதுநகர், ராமநாதபுரம்: அருப்புக்கோட்டை அல்லது பரமக்குடிச் சேலைத் துணி
3. மதுரை, தேனி, திண்டுக்கல்: சுங்குடி (சின்னாளப்பட்டித் துணியும் இங்கேதான்)
4. சிவகங்கை, புதுக்கோட்டை: செட்டிநாட்டுக் கண்டாங்கி
5. கோவை, திருப்பூர், நீலகிரி: நெகமம் காட்டன்
6. ஈரோடு, கரூர்: சென்னிமலைப் பெட்ஷீட் துணி, கரூர்த் துணி
7. திருச்சி, பெரம்பலூர், அரியலூர்: உறையூர்க் கைத்தறி
8. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை: திருபுவனம் பட்டு அல்லது கூறைநாட்டுக் கூறைப் புடவைத் துண்டு
9. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி: சேலம் வெண்பட்டு, இளம்பிள்ளைச் சேலை
10. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி: குறிஞ்சிப்பாடிக் கைலி
11. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை: ஆரணிப் பட்டு
12. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு: காஞ்சிப் பட்டு

இதற்காக நல்ல சேலையை வெட்ட வேண்டாம். ஒரு பகுதிக்கு ஓர் உள்ளங்கை அகலத் துணியே போதும். ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்காவிடம் கேட்டாலே பட்டுப் பிட்டுகள் கிடைக்கும். கிடைக்காத ஊருக்கு உங்களிடம் இருப்பதை வையுங்கள்.

பவானி ஜமக்காளம் இல்லையே என்று ஈரோட்டுக்காரர்கள் கோபிக்கக் கூடாது. அது தரையில் விரிக்கும் கனம். மடித்தால் மேடு தட்டும், ஊசியும் இறங்காது. திருப்பூர் பனியன் துணியும் அப்படியே வைத்தால் இழுபடும். அதுதான் வேண்டுமென்றால், காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸைப் பின்பக்கம் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு வெட்டுங்கள். பிசிறு அதிகம் வரும் பட்டுக்கும் இதே வைத்தியம்தான். பட்டையும் ஜரிகையையும் நேரடிச் சூட்டில் வைக்காமல், மேலே ஒரு காட்டன் துணியைப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

சாயம் பார்க்காமல் கத்தரி வைக்காதீர்கள்

புதுத் துணி என்றால் முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். காட்டன் சுருங்குவது இந்த முதல் நனைப்பில்தான் பெரும்பாலும் நடந்து முடியும். பட்டுப் பிட்டை நனைக்க வேண்டாம். அடர் சிவப்பு, மெரூன், கருநீலம் ஆகியவற்றுக்குத் தனிச் சோதனை உண்டு. ஈர வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், இன்னும் இரண்டு மூன்று முறை அலசிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் அந்தத் துண்டு இந்த உறைக்கு ஆகாது. பக்கத்தில் இருக்கும் வெளிர் துணி முழுவதும் பாழாகிவிடும்.

படம் எடுப்பது

மாவட்ட எல்லை தெரியும் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை ஏ4 தாளில் சுமார் 9 இன்ச் உயரத்துக்கு அச்செடுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஏ3க்குப் பெரிதாக்கச் சொன்னால் 13 இன்ச் உயரம், ஒன்பதரை இன்ச் அகலம் என்று வந்துவிடும். இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று பார்த்துக்கொள்ள, இன்னொன்று வெட்ட.

இப்போது ஸ்கெட்ச் பேனாவால் பன்னிரண்டு பகுதிகளின் எல்லையைத் தடிப்பாக வரையுங்கள். நிஜ எல்லை கோணல்மாணலாகப் போகும். அதை அப்படியே பின்தொடர வேண்டாம், வளைவுகளைச் சீராக்கிவிடுங்கள். ஆனால் நான்கு இடங்களில் கை வைக்காதீர்கள்: வடக்கே பழவேற்காடு, தெற்கே குமரி முனை, கிழக்கே கோடியக்கரை மூக்கு, மேற்கே நீலகிரி. இந்த நான்கும் சரியாக இருந்தால் மற்ற இடத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தமிழ்நாடு தமிழ்நாடாகவே தெரியும்.

இரண்டு பிரதியிலும் எண்களை எழுதுங்கள்.

முன்பக்கத் துணி

இது 16 இன்ச் குஷனுக்கான அளவு. முன்பக்கத்துக்கு 18 இன்ச் சதுரமாக ஒரு துணி வெட்டுங்கள். கொஞ்சம் கனமான காடா துணி நன்றாக இருக்கும். கடல் தெரிய வேண்டுமென்றால் கருநீலக் காட்டன். முடிவில் தேவை 17 இன்ச்தான். ஆனாலும் மேலே இவ்வளவு துண்டுகளைத் தைக்கும்போது அடித்துணி கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதற்காகவே அந்தக் கூடுதல் ஒரு இன்ச்.

வெட்டுவதற்கான பிரதியில் மாநிலத்தின் வெளிக்கோட்டை மட்டும் முதலில் வெட்டி எடுத்து, முன்பக்கத் துணியின் நடுவில் வைத்துத் தையல் சாக்கால் சுற்றி வரையுங்கள். அதன்பிறகுதான் தாளைப் பன்னிரண்டு துண்டாக்க வேண்டும்.

எங்கே மடிப்பது, எங்கே மடிக்காமல் விடுவது

முழு வேலையும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. ஒவ்வொரு தாள் துண்டையும் எண் மேலே தெரியும்படி துணியின் நல்ல பக்கத்தில் வைத்துச் சுற்றி வரையுங்கள். இப்படி வைத்தால் படம் இடம் வலமாக மாறாது. கோட்டிலிருந்து கால் இன்ச் வெளியே தள்ளி வெட்டுங்கள்.

பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் விளிம்பு விளிம்பாகப் பாருங்கள். தன்னைவிடப் பெரிய எண்ணோடு சேரும் பக்கத்தை மடிக்காமல் அப்படியே விடுங்கள். அடுத்து வரும் துண்டு அதன் மேல் ஏறி மறைத்துக்கொள்ளும். சிறிய எண்ணோடு சேரும் பக்கம், கடற்கரை, மற்ற மாநிலங்களோடு ஒட்டும் எல்லை, இவை எல்லாவற்றையும் சாக் கோட்டில் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள்.

உதாரணமாக 3ஆம் துண்டு, மதுரைப் பகுதி. கேரள எல்லையிலும், தெற்கே 2ஆம் துண்டோடு சேரும் இடத்திலும் மடிப்பு. சிவகங்கை, கோவை, கரூர், திருச்சிப் பக்கங்களில் மடிப்பு இல்லை. தாளிலேயே மடிக்க வேண்டிய பக்கங்களில் சிவப்புக் கோடு போட்டு வைத்துக்கொண்டால் தைக்கும்போது குழம்பாது.

வளைவில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பாக் நீரிணைப் பக்கம் கடற்கரை உள்நோக்கி வளைகிறது. அங்கே மடிப்புக்கான கால் இன்ச்சில் அரை இன்ச்சுக்கு ஒன்றாகச் சின்ன வெட்டு கொடுங்கள். கோட்டைத் தொட இரண்டு நூல் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வெட்டு கொடுத்தால்தான் துணி விரிந்து வளைவுக்கு இடம் கொடுக்கும். குமரி முனை, கோடியக்கரை போன்ற கூர் முனைகளில் முதலில் நுனியை உள்ளே மடியுங்கள், அடுத்து இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். இந்த வரிசை மாறினால் நுனியில் பிசிறு வெளியே எட்டிப் பார்க்கும்.

தைப்பது

1ஆம் துண்டை எடுத்து முன்பக்கத் துணியில் வரைந்த கோட்டோடு பொருத்தி, குண்டூசி குத்தி, பெரிய பெரிய நூலோட்டத்தில் தற்காலிகமாகப் பிடித்துவிடுங்கள். அடுத்து 2, 3 என்று வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் மடித்த விளிம்பும் முந்தையதன் மடிக்காத விளிம்பின் மேல் கால் இன்ச் ஏறியிருக்க வேண்டும். பன்னிரண்டையும் வைத்து முடித்த பிறகே உண்மையான தையல். அதற்கு முன் சுவரில் மாட்டி, தள்ளி நின்று பாருங்கள். ஒரே சாயலில் இரண்டு துணி ஒட்டி உட்கார்ந்திருந்தால் எல்லை காணாமல் போகும். மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

தையல் நீங்கள் ஃபால்ஸுக்குப் போடும் அதே ஹெம்மிங்தான். ஒற்றை நூல், மெல்லிய ஊசி, நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். அடித்துணியில் ஊசியை இறக்கி, மடிப்பின் ஓரத்தில் இரண்டே இழையைப் பிடித்து மேலே எடுங்கள். தையலுக்குத் தையல் அரைக்கால் இன்ச் இடைவெளி. நூல் நிறம் மேலே இருக்கும் துண்டின் நிறமாக இருக்கட்டும். நூலை இறுக்கி இழுக்காதீர்கள், துணி சுருங்கிக்கொள்ளும். முடித்ததும் நூலோட்டத்தைப் பிரித்துவிடலாம்.

காவிரி

இதைச் செய்யாமலும் உறை முடிந்துவிடும். ஆனால் நான் விடமாட்டேன், அவ்வளவு அழகு. நீல எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். மூன்று இழை எடுத்து ஒகேனக்கல்லில் தொடங்கிப் பின்தையலாக மேட்டூர், பவானி, கரூருக்கு வடக்கே, திருச்சி என்று வாருங்கள். திருச்சிக்குக் கொஞ்சம் மேற்கே முக்கொம்பில் ஆறு பிரிகிறது. அங்கே கொள்ளிடத்துக்கு இரண்டு இழை, காவிரிக்கு ஒரு இழை. கொள்ளிடம் அகலமானது. காவிரியோ வாய்க்கால்களுக்குத் தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே மெலிந்து பூம்புகாரில் கடலுக்குப் போகிறது. ஒற்றை இழையில் அது அப்படியே வந்துவிடும். இன்னும் ஆசை இருந்தால் தேனியிலிருந்து மதுரை வழியாக ராமநாதபுரம் வரை வைகை.

ராமேசுவரம் தீவு படத்தில் அரை இன்ச் நீளம்தான். அதைத் துணியில் வெட்டாமல் நூலாலேயே நிரப்புங்கள். புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் வேறு நிறத்தில் ஆளுக்கொரு முடிச்சுத் தையல். உங்கள் சொந்த ஊருக்கு ஒரு சின்னச் சிவப்பு முடிச்சு.

உறையாக்குவது

பின்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போட்டு, படம் நடுவில் இருக்கும்படி முன்பக்கத்தை 17 இன்ச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கத்துக்கு 17 இன்ச் அகலம், 12 இன்ச் உயரத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு 17 இன்ச் விளிம்பை முதலில் அரை இன்ச், பிறகு ஒரு இன்ச் மடித்து அடியுங்கள். உயரம் பத்தரை இன்ச்சாகிவிடும்.

முன்பக்கத்தைப் படம் மேலே தெரியும்படி வையுங்கள். அதன்மேல் இரண்டு பின் துண்டுகளையும் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி, மடித்த விளிம்புகள் நடுவில் வரும்படி வையுங்கள். நடுவில் ஒன்றின்மேல் ஒன்று நான்கு இன்ச் ஏறும். ஜிப், பட்டன் எதுவும் வேண்டாம். திறப்பு தானாக மூடிக்கொள்ளும். சுற்றிலும் அரை இன்ச் விட்டு அடித்து, அந்த நான்கு இன்ச் ஏற்றம் இருக்கும் இரு பக்கங்களிலும் இன்னொரு முறை தையல் ஓட்டுங்கள். தலையணையைத் திணிக்கும்போது இழுபடும் இடம் அதுதான். மூலைகளைக் குறுக்கே வெட்டிவிட்டு உறையைத் திருப்புங்கள்.

உள்ளே போடும் குஷன் 16 இன்ச்சுக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் படம் சுருங்கிப்போய்த் தெரியும். இலவம் பஞ்சு கிடைத்தால் ஒரு பையில் அடைத்துத் தைத்துப் போடலாம். போடிநாயக்கனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் காட்டன் என்றால் உறையைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பட்டுத் துண்டு ஒன்று இருந்தாலும் தண்ணீரில் போடாமல் டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பது நல்லது.