வெளிநாட்டு வேலையா? பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன் அரசுத் தளங்களில் பார்க்க வேண்டியவை

சேலம் பக்கம் வெளிநாட்டு வேலை அழைப்பு இப்போது வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. வாழப்பாடியில் என் மாமா பையனுக்கு வந்தது இது: தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், டிக்கெட் அவர்கள் செலவு, பாஸ்போர்ட் நகல் உடனே வேண்டும். இருவரும் உட்கார்ந்து அரசுத் தளங்களைப் பார்த்தோம். போக வேண்டாம் என்று முடிவாயிற்று. அன்று பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். முடிந்தவரை லேப்டாப்பில் பாருங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் உள்ள அட்டவணைகளைப் போனில் படிப்பது பெரும்பாடு.

படி 1: விசா

சம்பளத்தைக் கேட்கும் முன் விசா வகையைக் கேளுங்கள். "போய் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். சுற்றுலாப் பயணியாக இறங்கி தாய்லாந்தில் வேலை பார்க்க முடியாது. அதற்கு 'நான்-இமிகிரன்ட் பி' என்ற வேலைக்கான விசாவும், தனியாக வேலை அனுமதியும் வேண்டும்.

படி 2: ஈசிஆர்

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு' (சுருக்கமாக ஈசிஆர், குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். சவுதி, குவைத், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். டிகிரி முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் இது தேவையில்லை. நல்ல வசதி என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அவர்களுடைய ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. ஐடி வேலை என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் படித்த பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம்.

படி 3: ஏஜென்ட்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் 'ஆக்டிவ் ஆர்ஏ' என்றொரு பட்டியல் உண்டு. ஆர்ஏ என்றால் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர். பெயரில் ஒரு பகுதியைத் தட்டினால் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பெயர் இருக்கிறது, சரி என்று மூடிவிடாதீர்கள். பதிவு எண், செல்லுபடியாகும் தேதி, முகவரி மூன்றும் பொருந்த வேண்டும். பதிவு எண் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எண்ணை அலுவலகத்திலும் விளம்பரத்திலும் போட வேண்டும் என்பது விதி. நோட்டீஸில் எண்ணே இல்லையென்றால் மேலே தேட வேண்டியதில்லை.

பேருந்து நிலையம் பக்கம் மாடி அறையில் உட்கார்ந்து, "நாங்கள் சென்னை கம்பெனியின் ஆள்" என்பவர்கள் இன்னொரு வகை. சட்டத்தில் சப்-ஏஜென்ட் என்று யாரும் கிடையாது. அவர் கொடுத்த விசிட்டிங் கார்டு எண்ணை விட்டுவிட்டு, தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, இவர் உங்கள் ஆளா, இந்த வேலை உங்களுடையதா என்று கேளுங்கள். சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி; மொத்தம் 35,400. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

படி 4: பயண எச்சரிக்கை

செய்திச் சேனலைவிட, போகப்போகும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் தளம்தான் என் முதல் தேர்வு. பாங்காக், யாங்கூன் (மியான்மர்), வியன்டியான் (லாவோஸ்), நோம்பென் (கம்போடியா) தூதரகங்கள் போலி வேலைகளைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே அறிவித்தது: தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துப் போய், சட்டவிரோதமாக எல்லை தாண்ட வைத்து, மியான்மரில் அடைத்து வைக்கிறார்கள் என்று. நாங்கள் அதைப் படித்தபோது மாமா பையனுக்கு வந்த அழைப்பிலும் அதே வேலையின் பெயர். அப்புறம் பேச்சே எழவில்லை.

அறிவிப்பின் தேதியைப் பார்ப்பது முக்கியம். பழையதைப் புதியது போல ஃபார்வர்டு செய்கிறார்கள்.

கூடவே ஆஸ்திரேலிய அரசின் ஸ்மார்ட்ராவலர் தளத்தையும் பாருங்கள். நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள்: வழக்கமான கவனம், அதிக எச்சரிக்கை, பயணம் தேவைதானா என்று யோசியுங்கள், போகவே போகாதீர்கள். ஒரே நாட்டில் எல்லைப் பகுதிக்குத் தனி நிலையும் இருக்கும். அந்தத் தளத்திலுள்ள விசா விதிகள் ஆஸ்திரேலியர்களுக்கானவை. அவற்றை மட்டும் தாண்டிவிடுங்கள்.

படி 5: காப்பீடு

ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம். பாலிசி நகலை வீட்டில் வையுங்கள்.

பிற்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரி, "தம்பி ஏற்கெனவே போய்விட்டான், போன் கிடைக்கவில்லை, என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். ஏஜென்ட்டிடம் கெஞ்சிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள் அக்கா. அந்நாட்டுத் தூதரகத்தின் அவசர எண்ணுக்கு அழையுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளத்தில் புகாரைப் பதியுங்கள். அமைச்சகத்தின் உதவி மையம் 1800 11 3090. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை 1800 309 3793. எங்கே அழைத்தாலும் பாஸ்போர்ட் எண், கம்பெனி பெயர், கடைசியாகப் பேசிய இடம் கேட்பார்கள். இனிமேல் புறப்படுகிறவர்கள் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவர் போனுக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறுங்கள்.