நூலகத் தளத்தில் பிள்ளைகளுக்கான உடல்நலப் பக்கம்: அமைப்பது எப்படி?

உங்கள் தளத்தில் புதிய பக்கம் சேர்க்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

1. இரண்டு பக்கங்களாகப் பிரியுங்கள்

12 வயது வரை ஒன்று, 13 முதல் 18 வரை ஒன்று. சேர்த்துப் போட்டால், கார்ட்டூன் படத்தைப் பார்த்ததுமே பெரிய பிள்ளைகள் போய்விடுவார்கள். தலைப்புகள் அவர்கள் தேடும் சொற்களில் இருக்கட்டும்: 'தோல் நோய்கள்' வேண்டாம், 'முகப்பரு' போதும். 'பீரியட்ஸ் தள்ளிப்போகுது', 'தூக்கம் வரல', 'பரீட்சை பயம்' என்றே எழுதுங்கள்.

2. தலைப்புக்கு மூன்று இணைப்புகள்

இருபது கொடுத்தால் ஒன்றையும் திறக்க மாட்டார்கள். என் முதல் தேர்வு கிட்ஸ்ஹெல்த் என்ற பிள்ளைகள் உடல்நலத் தளம். பெற்றோர், சிறுவர், பதின்ம வயதினர் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. கட்டுரையைச் சரிபார்த்தவர் பெயரும் தேதியும் இருக்கும். அடுத்தது மெட்லைன்பிளஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்தும் தளம், விளம்பரம் கிடையாது. நடை கொஞ்சம் கனம் என்பதால் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் வைப்பேன்.

இரண்டும் முதன்மையாக ஆங்கிலத்தில் இருப்பவை. ஒவ்வொரு இணைப்பின் கீழும் அங்கே என்ன கிடைக்கும் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். மருந்தளவையோ சிகிச்சையையோ சுருக்கி எழுத வேண்டாம். தளத்தின் முகப்புக்கு இணைப்பு தராமல், உரிய கட்டுரைக்கே தாருங்கள்.

3. பொதுக் கணினியில் சோதியுங்கள்

பெரும்பாலான பக்கங்கள் பயனற்றுப் போவது இந்த இடத்தில்தான். ஊழியர் கணினிக்குப் பல நூலகங்களில் இணைய வடிகட்டி தளர்வாக இருக்கும். அங்கே எல்லாம் திறக்கும். பிள்ளைகள் உட்காரும் கணினியிலோ மார்பகம், பாலுறவு, போதைப்பொருள் என்ற சொற்கள் வந்தாலே தடைப் பலகைதான். கேள்வியோடு வந்த பிள்ளை, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

எனவே சிறுவர் கணக்கில் நுழைந்து ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பாருங்கள். தடைபட்டால், அந்த ஒரு முகவரியை மட்டும் அனுமதிக்கச் சொல்லாமல், முழு டொமைனையும், அதாவது அந்தத் தளத்தின் எல்லாப் பக்கங்களையும், அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் பக்கம் படமில்லாமல் உடைந்து தெரிந்தால், படங்கள் வேறு டொமைனிலிருந்து வருகின்றன என்று பொருள். அதையும் சேர்க்க வேண்டும்.

4. தடயம் விடாதீர்கள்

பிரௌசரை மூடியதும் ஹிஸ்டரி, குக்கி, தானாக நிரப்பும் சொற்கள் மூன்றும் அழியும்படி அமையுங்கள். பிரௌசரின் இன்காக்னிட்டோ (ஹிஸ்டரி சேமிக்காத முறை) மட்டும் போதாது; நெட்வொர்க் பதிவில் சென்ற தளங்கள் தெரியும். அந்தப் பதிவை எத்தனை நாள் வைக்கிறீர்கள் என்று கணினிப் பிரிவில் கேளுங்கள்.

சமூக ஊடகப் பகிர்வுப் பொத்தான்களை எடுத்துவிடுங்கள். அந்த நிறுவனங்களின் ஸ்கிரிப்டோடு (நிரல் துண்டோடு) வரும் பொத்தான், யாரும் அழுத்தாமலே எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பதை அங்கே சொல்லிவிடும். பிரௌசர் டேபில் தெரியும் தலைப்பு 'நூலகம்' என்று பொதுவாக இருக்கட்டும்.

யாராவது அருகில் வந்தால் சட்டென்று வேறு பக்கத்துக்குப் போக 'உடனே வெளியேறு' பொத்தான் வைத்தால், கோடில் லொக்கேஷன்.ரீப்ளேஸ் (location.replace) என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சாதாரண இணைப்பாக வைத்தால் பின்செல்லும் அம்பை அழுத்தியதும் அதே பக்கம் திரும்ப வந்துவிடும். ரீப்ளேஸ், பின்செல்லும் அம்பின் வரிசையில் அந்த ஒரு பக்கத்தைத்தான் மாற்றும். பார்த்த பக்கங்கள் ஹிஸ்டரியில் இருக்கலாம் என்பதைப் பொத்தானுக்கு அருகிலேயே எழுதுங்கள்.

5. கேட்காமலே கிடைக்கட்டும்

கியூஆர் அட்டையை அலமாரி ஓரத்திலும் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். முகவரி நேரடியாகப் பதிந்த நிலையான கியூஆர் மட்டும் போதும். பின்னால் மாற்றத்தக்க வகை வேறொரு நிறுவனத்தின் வழியாகப் போகும். யார் எப்போது ஸ்கேன் செய்தார்கள் என்று அங்கே பதிவாகலாம், சந்தா முடிந்தால் அட்டையும் வீண்.

பிள்ளைகளுக்கான உதவி எண்ணைப் பக்கத்தின் உச்சியில், தொட்டால் அழைப்பு போகும்படி வையுங்கள். இயங்கும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பிற்சேர்க்கை

பிடிஎஃப் கோப்புகள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பொதுக் கணினியில் இறக்கினால் அவை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடும். ஹிஸ்டரியை அழித்தாலும் போகாது. அடுத்து உட்காருபவர் கண்ணில் படும். முடிந்தவரை வெப் பக்கத்துக்கே இணைப்புக் கொடுங்கள். முடியாதபோது, லாக்-ஆஃப் ஆனதும் அந்த ஃபோல்டர் காலியாகும்படி அமையுங்கள்.

இணைப்புச் சோதனைக் கருவி 'சரி' என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். நீக்கப்பட்ட கட்டுரையின் முகவரி சத்தமில்லாமல் முகப்புக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் திறந்து பார்ப்பதுதான் நம்பகமான வழி.